மே மாதத்தில் பார்த்த ஆறு மா

கல்லூரியையும் தொழிலதிபர்களையும் அரசு அலுவலகத்தையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது எப்படி என்று உங்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பலகையில் மூன்று வட்டம் போட்டு, ஒன்றுக்கொன்று அம்பு இழுத்து, நடுவில் ஒரு சின்ன வட்டத்தில் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று எழுதியிருப்பார்கள். பல வருஷம் அந்த வட்டங்களைப் போட்டவன் நான்தான். அவற்றில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னால், நடந்து முடிந்த நல்ல காரியங்களைப் பட்டியல் போட எனக்கு வராது. ஒரு தப்பைச் சொல்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுச் செய்த தப்பு.

அப்போது தஞ்சாவூர் ஜில்லா இன்னும் பிரியவில்லை. பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த என்னை, புதிதாக வந்த இணைப்புத் திட்டத்துக்கு இரவல் கேட்டு வாங்கியிருந்தார்கள். நானும் ஒருங்கிணைப்பாளர், ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். முதல் அணியில் ஆறு பேர். அதில் ஒரே பெண் செங்கமலம். திருப்பனந்தாள் பக்கம், விவசாயக் கூலிக் குடும்பம், வேதியியல் பட்டம். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

எங்கள் முதல் வேலை நெல் உலர்த்தும் கூடம். குறுவை அறுப்பு எப்போதும் மழையில் போய் மாட்டும். ஈர நெல் களத்திலேயே முளைவிட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிவரும். உமியை எரித்து நெல்லை உலர்த்தும் எந்திரம் ஒன்றைக் கல்லூரியில் செய்து வைத்திருந்தார்கள். அதை நடத்த அரிசி ஆலைக்காரர்கள் சங்கம் முன்வந்தது. அரசு ரோடு போட்டுத் தரும், கரண்ட் தரும். இல்லாதது நிலம் மட்டும்தான்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு மிராசுதார் நிலம் தானமாகக் கொடுப்பதாகக் கடிதம் எழுதினார். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், ரோட்டோரம். பங்குனியில் வந்த அந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். அரசு மூலமாக நிலம் எடுப்பதென்றால் இரண்டு வருஷம் ஆகும். இது தபாலில் வந்திருக்கிறது. என் சந்தோஷத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பேராசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில்தான் நேரம் கிடைக்கும். ஆகவே எங்கள் திட்டத்தில் நிலம் பார்ப்பது, ஊர் பார்ப்பது எல்லாம் மே மாதத்தில்தான் நடக்கும். யாரும் உட்கார்ந்து முடிவெடுத்ததில்லை. கல்லூரி நாட்காட்டி அப்படி, அவ்வளவுதான். ஜீப்பில் நான், கட்டுமானத்துறைப் பேராசிரியர், ஆலைக்காரர் சங்கச் செயலாளர், வருவாய்த்துறை எழுத்தர் ஒருவர். செங்கமலமும் கிளம்பி நின்றாள். “இடம் இல்லம்மா, நீ இருந்து டைப் வேலையை முடிச்சிடு” என்றேன். அவள் சரி என்று திரும்பிப் போய்விட்டாள்.

மேட்டூர் அணை மூடியிருந்தது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை வெடித்துக் கிடக்கும் மண், அங்கங்கே மேயும் ஆடு. மிராசுதாரின் காரியஸ்தர் எங்களை வரப்பில் நிறுத்தி எல்லை காட்டினார். வயலுக்குள் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாகச் சில குவியல்கள் இருந்தன.

“இது என்னங்க?” என்று கேட்டேன்.

“மண்ணுதாங்க. வண்டிக்காரனுவ கொட்டிட்டுப் போயிடறானுவ” என்றார்.

நான் தஞ்சாவூரில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். வயலை ரயில் ஜன்னலில் பார்த்ததுதான் அதிகம். ஆலைச் செயலாளருக்கு நெல் என்பது மூட்டையில் ஆரம்பிக்கும். எழுத்தர் குடையை விரித்துக்கொண்டு நிழல் தேடிப் போய்விட்டார். பேராசிரியர் மட்டும் வேலையில் கெட்டிக்காரர். சமன்படுத்தும் செலவைக் கணக்கிட வேண்டும் என்று குவியல்களை எண்ணி, ஒன்றுக்கு ஒன்று எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து அளந்து, ஒரு தாளில் படமாகவும் வரைந்துகொண்டார். பதினெட்டுக் குவியல். அந்தத் தாள் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டா மிராசுதார் பெயரில் இருந்தது. கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் ‘சொந்த சாகுபடி’ என்று எழுதியிருந்தது. அவர் வீட்டில் நல்ல காபி கொடுத்தார்கள். அலுவலகம் திரும்பியதும், ‘நிலம் நேரில் பார்வையிடப்பட்டது. காலியாக உள்ளது. எவர் அனுபவத்திலும் இல்லை’ என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மண் குவியல்களைச் சமன்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தேன். பேராசிரியரின் படத்தைப் பின்னால் இணைத்தேன். அடுத்த வாரம் வயலில் எங்கள் திட்டத்தின் பெயரோடு ஒரு தகரப் பலகையை நட்டுவிட்டு வந்தோம். அடிக்கல் நாட்ட அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார். கல்லில் பெயர்களும் வெட்டியாகிவிட்டது.

மேட்டூர் திறந்தது. ஆனி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். விழாவுக்குப் பந்தல் எங்கே போடலாம் என்று பார்த்துவரச் செங்கமலத்தை அனுப்பினேன். மத்தியானம் திரும்பி வந்தவள் என் மேசை முன்னால் நின்றாள். புடவைக் கரையில் சேறு.

“சார், அங்க நாத்து விட்டிருக்காங்க.”

“எங்கே?”

“நம்ம போர்டைச் சுத்தி.”

மறுநாள் நானே போனேன், அவளையும் கூட்டிக்கொண்டு. வாய்க்கால் நிறையத் தண்ணீர். மே மாதம் நான் பார்த்த ஊரே அது இல்லை. ஆளும் மாடுமாக வயல் எங்கும் சத்தம். ஆறு மாவும் உழுது சேறாகியிருந்தது. ஒரு மூலையில் விதைத்த நாற்றங்கால், விரல் அளவு பச்சையாக எழும்பியிருந்தது. அதன் நடுவில் எங்கள் தகரப் பலகை. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் மண்வெட்டியால் சேற்றை அள்ளி அப்பி வரப்புக்கு அண்டை வைத்துக்கொண்டிருந்தார். பெயர் தையநாயகி. புருஷன் இறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவரும், அவருக்கு முன்னால் புருஷனும், புருஷனின் அப்பாவும் அந்த ஆறு மாவைக் குத்தகைக்குச் செய்துவந்தவர்கள். குத்தகை நெல்லைக் காரியஸ்தரிடம் அளந்து போடுவார்கள். ரசீது என்ற பேச்சே கிடையாது.

“இங்கே போர்டு இருக்கிறதைப் பார்க்கலையாம்மா?” என்று கேட்டேன்.

“பாத்தேங்க. ஆத்துல தண்ணி வந்துருச்சே. நாத்து விடாம எப்படிங்க இருக்கிறது?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

குத்தகை செய்பவர் தன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று அப்போது சட்டம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. மனுப் போட்டவருக்கு அடுத்த போகம் நிலம் இருக்காது என்பது ஊர் நடைமுறை. ஆகவே பலர் மனுவே போடவில்லை. தையநாயகி மாசி மாதம் துணிந்து போட்டுவிட்டார். பங்குனியில் மிராசுதாருக்குத் தான தர்மத்தில் ஆசை வந்துவிட்டது. இரண்டு மாதமும் அடுத்தடுத்து வந்ததை அந்த வரப்பில் நின்றபோதுதான் முதல்முறையாகக் கவனித்தேன்.

“வர்ற வியாழக்கிழமை விசாரணைங்க” என்றார் தையநாயகி. “சர்க்கார் ஆபீசரே வந்து பாத்துட்டு, இதுல யாருமே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாராம். அந்தப் பேப்பரை மிராசுதார் வக்கீல் குடுத்திருக்காரு. அந்த ஆபீசரு யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்தாவது கேக்கலாம்னு பாக்குறேன். உங்களுக்குத் தெரியுமாங்க?”

செங்கமலம் என்னைப் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் அது என்று சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. “விசாரிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது ஒரு சமரசம் யோசித்தேன். “ஒரு மூலையில மட்டும் அடிக்கல்லை வச்சிட்டு, மிச்சத்தை அவங்க அறுக்கிற வரைக்கும் விட்டுடலாமே” என்றேன்.

“எந்த மூலைங்க சார்?” என்றாள் செங்கமலம். “மடை இருக்கிற மூலையா, நாத்தங்கால் இருக்கிற மூலையா?”

ஜீப்பை நேராக அலுவலகத்துக்கு விடச் சொன்னேன்.

எங்கள் இயக்குநரிடம் போனேன். கெட்டவர் அல்ல. ஜில்லாவுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற துடிப்பு உள்ளவர். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நீங்க பொய் சொல்ல வேண்டாம். புதுசா எதுவும் எழுதாம இருந்தாப் போதும். வியாழக்கிழமை தாண்டட்டும். அந்த அம்மாவுக்கு வேற வழி பண்ணலாம், ட்ரையர்லயே வேலை போட்டுக் குடுத்துடலாம்.”

எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். இந்த வேலையில் உங்களிடம் யாரும் பொய் சொல்லச் சொல்லமாட்டார்கள். பேசாமல் இருக்கத்தான் சொல்வார்கள், அதையும் அன்பாகச் சொல்வார்கள். நிரந்தரத் திட்ட அலுவலர் பதவிக்கு என் பெயர் மேலே போயிருந்தது. அதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கே ஞாபகம் இருந்தது.

மறுநாள் மிராசுதாரே அலுவலகம் வந்தார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. “தம்பி, நான் விக்கலை. சும்மா குடுக்கிறேன். ஊருக்கு நல்லது வரட்டும்னு குடுக்கிறேன். இதுல கொடி புடிக்கிறவங்க பேச்சைக் கேட்டு நீங்க மனசு மாறிடக் கூடாது” என்றார். அந்தக் காலத்தில் எங்கள் ஜில்லாவில் யார் நியாயம் கேட்டாலும் கொடி பிடிப்பவர் என்றுதான் பெயர். தையநாயகியின் கையில் நான் பார்த்தது மண்வெட்டி. ஆனாலும் மிராசுதாருக்கு எழுந்து நின்று கைகூப்பி விடை கொடுத்தேன்.

இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் கழிந்தது. புதன்கிழமை காலையில் கோப்பை எடுத்து என் சான்றைத் திரும்பப் படித்தேன். என்னிடம் ஒரு குழப்பம் இருந்தது. நான் பொய் எழுதவில்லை. பார்த்ததைத்தான் எழுதினேன். ஆள் இல்லை, பயிர் இல்லை. இப்போது மாற்றி எழுதினால் எதை வைத்து எழுதுவது? ஆனியில் உழுதிருப்பது மே மாதத்துக்குச் சாட்சி ஆகாது. ‘தானம் கொடுத்த பிறகு அத்துமீறி நுழைந்தார்’ என்று வக்கீல் ஒரு வரியில் முடித்துவிடுவார்.

செங்கமலத்தைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவள் கோப்பை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். அந்தக் கோப்பை அவள் முழுதாகப் பார்ப்பது அதுதான் முதல்முறை. பேராசிரியரின் படத்தில் வந்து நின்றாள்.

“இது என்னங்க சார் புள்ளி புள்ளியா?”

“மண் குவியல். யாரோ வண்டியில கொட்டிட்டுப் போயிருக்காங்க.”

அவள் தாளை என் பக்கம் திருப்பினாள். மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு. பேராசிரியர் எழுதிய தூரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல.

“கொட்டிட்டுப் போறவன் அளந்தா சார் கொட்டுவான்?” என்றாள். “இது எரு. தண்ணி வர்றதுக்கு முன்னால வண்டியில கொண்டாந்து இப்படித்தான் வரிசையா வைப்பாங்க. அப்பறம் இறைச்சு விட்டு உழுவாங்க. எந்தச் சின்னப் புள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.”

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். ஜீப்பில் இவளுக்கு இடம் இருந்திருந்தால் வரப்பில் கால் வைத்த நிமிஷமே இதைச் சொல்லியிருப்பாள். குடையோடு வந்தவருக்கு இடம் இருந்தது.

உட்கார்ந்து கடிதம் எழுதினேன். நான் அந்த இடத்தைப் பார்த்தது வயலில் யாருமே இருக்காத மாதத்தில் என்றும், அக்கம்பக்கத்தில் ஒருவரையும் விசாரிக்கவில்லை என்றும், எருவை மண் என்று எழுதியது என் அறியாமை என்றும், ஆகவே என் சான்றைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதினேன். ஒரு பக்கம்தான். எழுதி முடிப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. செங்கமலம் பெயரைச் சேர்க்கவில்லை. அவளுக்கு வேலை உறுதியாக இன்னும் ஆறு மாதம் இருந்தது. அவளுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்றுதான்.

டைப் அடிக்கக் கொடுத்தபோது படித்துப் பார்த்தாள்.

“எருன்னு கண்டுபுடிச்சது யாருன்னு இதுல இல்லையே சார்.”

“உனக்கு எதுக்கும்மா வம்பு? வேலை போயிடும்.”

“எங்கப்பா ஒரே பண்ணையில முப்பது வருஷம் வேலை பார்த்தாருங்க. எந்தத் துண்டுச் சீட்டுலயும் அவரு பேரு கிடையாது. நீங்களும் விட்டுடாதீங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது. குரல் அப்படியேதான் இருந்தது. கடைசியில் அவளும் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை. வருவாய்த்துறை அதிகாரியின் அறை சின்னது. மின்விசிறி சுற்றியும் வேர்த்தது. மிராசுதாரின் வக்கீல், காரியஸ்தர், சுவரோரம் தையநாயகி. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். விசாரிக்கிறேன் என்று சொன்னவர் வந்துவிட்டார் என்று நினைத்தாரோ என்னவோ. அதிகாரி என் பெயரைப் படித்து, சான்று கொடுத்தவர் நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தையநாயகி நின்றபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அதிகாரியின் கேள்விகள் எனக்குப் பெரிதாக இல்லை.

அதிகாரி கடிதத்தை நிதானமாகப் படித்தார்.

“எந்த மாசம் பாத்தீங்க?”

“மே மாசம் சார்.”

“மே மாசத்துல தஞ்சாவூர் ஜில்லாவே காலியாத்தான்யா இருக்கும்” என்றார். எழுத்தர் ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிறகு படத்தை எடுத்து மேசையில் விரித்தார். பேனா முனையால் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். வக்கீல் எழுந்து, எரு என்றே வைத்துக்கொண்டாலும் அது நில உரிமையாளர் போட்டதாக இருக்கலாம், அடங்கலில் சொந்த சாகுபடி என்றுதான் இருக்கிறது என்றார்.

அதிகாரி காரியஸ்தரைப் பார்த்தார். “நிலத்தைத் தானமா எழுதிக் குடுத்தது என்னைக்கு?”

“பங்குனிங்க.”

“இவங்க எருவைப் பாத்தது?”

“சித்திரைக் கடைசி… வைகாசிங்க.”

“தானம் குடுத்த நிலத்துக்கு யாராவது எரு அடிப்பாங்களாய்யா?”

காரியஸ்தர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கையிலிருந்த தாள்களை அடுக்கினார். அதிகாரி தையநாயகி பக்கம் திரும்பி, எரு யாருடையது என்று கேட்டார்.

“என் மாட்டு எருங்க. பதினெட்டு வண்டி. பதினேழு என்னுது, ஒண்ணு தம்பி வீட்டுது.”

நாங்கள் கொடுத்த தாளை அவர் பார்த்ததில்லை. எண்ணிக்கையை அந்த அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அதிகாரி பேனாவை மூடிவைத்தார். என் முட்டாள்தனத்தை அளந்து வரைந்திருந்த தாள், அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே எழுத்துச் சாட்சியாகப் போனது.

பதிவேட்டில் அவர் பெயர் ஏறச் சில மாதம் ஆயிற்று. அமைச்சர் விழா நின்றது. வெட்டிய கல்லை அலுவலகத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். இயக்குநர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் என்னைக் கல்லூரிக்கே திருப்பி அனுப்பினார்கள். திட்ட அலுவலர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. வருத்தம் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. நிறைய வருத்தம் இருந்தது. வீட்டில் ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. உலர்த்தும் கூடம் மறு வருஷம் ஓர் அரிசி ஆலையின் பின்கட்டில், நினைத்ததில் பாதி அளவுக்கு வந்தது. செங்கமலத்தை வேலையிலிருந்து எடுக்கவும் இல்லை, எட்டு மாதம் உறுதி செய்யவும் இல்லை. அப்புறம் செய்தார்கள். பிற்பாடு அவள்தான் பல அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தாள். நான் மறுபடி பயிற்சி கொடுக்க வந்தது அவள் கூப்பிட்டுத்தான்.

நீங்களும் நிலம் பார்ப்பீர்கள், ஊர் பார்ப்பீர்கள், அறிக்கை எழுதுவீர்கள். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாதத்தில் போகாதீர்கள். அந்த ஊருக்கு வேலை இருக்கும் மாதத்தில் போங்கள். போகும்போது ஜீப்பில் இடமில்லை என்று யாரை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றும் ஒரு தடவை பாருங்கள். இதைத் தவிர எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஆனி மாதம் அந்த வழியாகப் போனபோது பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன். தையநாயகி நடவு ஆட்களோடு வயலில் நின்றார். என்னை அடையாளம் தெரிந்தது.

“எங்க எருவை மண்ணுன்னு எழுதுனவருதானே?” என்றார். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நான்தாம்மா. அன்னைக்கே வரப்புல நின்னு சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணும்” என்றார். “சரி, அங்க நிக்காதீங்க, வரப்பு ஈரம். இப்படி மடைப் பக்கமா வாங்க.”

போனேன். வாய்க்கால் தண்ணீர் அவர் வயலுக்குத் திரும்பும் இடத்தில், மண்ணில் ஆழமாகச் செருகிய ஒரு தகரம் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருந்தது. தலைகீழாக எங்கள் திட்டத்தின் பெயர், பாதி எழுத்து தண்ணீருக்குள். பக்கத்தில் வந்து நின்றவர் குனிந்து அதை நாலு விரல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் அடியில் புகுந்து ஆறு மாவுக்கும் ஓடியது.